இதமான சூட்டில் ஒரு சொம்பு

என் கோபத்தைப் பற்றி வாணியம்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோல் மண்டியில் வேலை பார்த்த என் அத்தாவே, "நம்ம கனீஸ் ஃபாத்திமாவுக்கு காது கேக்காத மாப்பிள்ளையா பாக்கணும்" என்று கேலி செய்வார். வந்த மாப்பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்டது, ஆயுசுதான் இல்லை. இருபத்திரண்டு வயதில் தனியானேன். அழுது முடித்த பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்தேன். 1961-ல் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்குப் போட்டார்கள். மலை ஏறியும் என் வாய் அடங்கவில்லை. அந்த வாயால் ஒரு பெண்ணை, அவள் ஊரே கூடி நிற்க, பொய்க்காரி என்றேன். பிள்ளையைக் கொல்கிறாய் என்றேன். அதைத்தான் இப்போது சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை என்றால் மூங்கில்கொல்லைக்குப் போகும் நாள். புதூர்நாட்டிலிருந்து மூன்று மைல் ஏற்றம். இருபத்திரண்டு வீடுகள், சுற்றிலும் சாமைக் கொல்லைகள், ஊருக்கு மேலே கன்னிமார் ஊற்று. கோடையில் அந்த ஊற்று ஒரு அண்டா அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் ஆடும் வாய் வைக்கும், மாடும் காலை விடும், பெண்கள் குடத்தையும் முக்குவார்கள். ஊற்றுக்கு மேலே இருந்த புதர்க்காட்டில்தான் ஊரே வெளிக்குப் போகும். ஒரு கோடை மழை அடித்தால் போதும், அங்கே கிடந்ததெல்லாம் கரைந்து ஊற்றுக்கு வந்து சேரும். அதன் பிறகு வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. பெரியவர்கள் நாலு நாள் சுருண்டு கிடந்து எழுந்துவிடுவார்கள். கைப்பிள்ளைகள் பல எழுவதில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெளிக்குப் போய் வந்தால், பிள்ளைக்குக் கழுவிவிட்டால், கூழ் கரைக்க உட்கார்ந்தால், அதற்கு முன்னால் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவு. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வை, ஆற வை, மூடி வை. பானைக்குள் கையை விடாதே, அகப்பையால் மொண்டு ஊற்று. இவ்வளவுதான். இதைச் சொன்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பச்சைத் தண்ணி குடிச்சி வளந்த ஒடம்பு நர்சம்மா இது" என்பாள் ஒருத்தி. "வயசான கெய்வனுக்கு வேணா வெந்நி வப்போம்" என்பாள் இன்னொருத்தி. நான் கத்துவேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் மாதையனின் மனைவி. இருபத்துமூன்று வயசு இருக்கும். முதல் இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்த கோடைகளில், எழுந்து நடப்பதற்கு முன்பே, வாந்தியும் போக்குமாகப் போய்விட்டன. நான் அந்த மலைக்கு வருவதற்கு முன் நடந்தது அது. மூன்றாவதாக ஆண் பிள்ளை பிறந்தபோது மாமியார் மங்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன் என்று பேர் வைத்தாள். எமன் பார்த்தால் வேண்டாத பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகவேண்டுமாம். பிறந்து ஒன்பதாம் நாள் நான் போய்ப் பார்க்கிறேன், தொப்புளைச் சுற்றிக் காய்ந்த சாணம். நான் குதித்த குதியில் மங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வெளியே போய்விட்டாள். பச்சையம்மா போகவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் மூச்சு வாங்கி நிறுத்தும் வரை காத்திருந்து, "இப்ப இன்னா செய்யணும்னு சொல்லுங்க நர்சம்மா" என்றாள்.

சொன்னேன். அடுத்த புதன்கிழமை போனால் அவள் வாசலில் ஒரு சட்டி நிறையச் சலித்த சாம்பல் இருக்கிறது. நகம் வெட்டிய விரல்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என் முன்னால் நீட்டுகிறாள். தண்ணீர்ப் பானைக்கு மூடி வந்தாயிற்று. மூங்கில் காம்பு வைத்த அகப்பை ஒன்றை மாதையனைச் செய்யவைத்திருக்கிறாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, பத்து மாதமும் இப்படித்தான். மாதையன்கூட என்னிடம் முறையிட்டான். "கொல்லையிலேர்ந்து வந்தா வாசல்லயே நிறுத்தி, மாட்ட கழுவற மாரி கழுவறா நர்சம்மா. ரெண்டு தடவ கழுவினாத்தான் கூழு." அவன் முறையிட்டதில் பெருமையும் இருந்தது.

வெயிலில் மூன்று மைல் ஏறிப் போகிற எனக்கு, போனதும் ஒரு சொம்பு தண்ணீர் தருவாள். காய்ச்சின தண்ணீர். நாக்கைச் சுடாமல், தொண்டைக்கு இதமான சூட்டில் இருக்கும். எனக்காக யாரும் அவ்வளவு பதம் பார்த்துத் தண்ணீர் கொடுத்ததில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இதமா கீது பச்சையம்மா" என்பேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். அந்த மாதங்களில் இரண்டு முறை என் வயிறு கலங்கியது. சுட்டுத் தின்ற பலாக்கொட்டை மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

சித்திரையில் கோடை மழை பெய்தது. பெய்த மூன்றாம் நாளே குப்பனுக்குப் போக்கு கண்டது. மாத்திரை கொடுத்தேன், நின்றது. பத்து நாளில் மறுபடி கண்டது, மறுபடி நின்றது. மூன்றாம் முறை மாதையன் விடியற்காலையில் புதூர்நாட்டுக்கு ஓடிவந்தான். "கண்ணு சொருகுது நர்சம்மா" என்று சொல்லிக்கொண்டே என் பையைத் தூக்கிக்கொண்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. அழுகிறான், கண்ணில் நீர் இல்லை. திருப்பத்தூருக்கு இறக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்த வெயிலில் பாதி வழிகூடத் தாங்கமாட்டான். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"இன்னா குடுத்தே?" என்றேன்.

"தாய்ப்பாலு. காச்சின தண்ணி. வேற ஒண்ணும் குடுக்கல நர்சம்மா."

"காச்சின தண்ணி குடிச்ச பிள்ளைக்கு ஒரே மாசத்துல மூணு தடவையா வரும்? உண்மைய சொல்லு."

"கன்னிமாரு மேல ஆணையா காச்சாத தண்ணி குடுக்கல."

"பொய்! நான் வர்ற அன்னிக்கு மட்டும் அடுப்ப மூட்டி காட்டற. மத்த நாள்ள ஊத்துத் தண்ணிய அப்படியே குடுக்கற. பொய்க்காரி! ரெண்ட வாரிக் குடுத்தது பத்தலியா உனக்கு? இதையும் உன் கையாலயே கொல்லப் போறியா?"

சொன்னது முடிந்த பிறகுதான் வாசலைப் பார்த்தேன். பாதி ஊர் நின்றிருந்தது. பச்சையம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மங்கம்மாள் உள்ளே வந்து அவள் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"நர்சம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே இந்தக் கொயந்தைய நீ தொடக்கூடாது" என்றாள்.

"பால் குடுக்கணுமே" என்றேன் நான், குரல் இறங்கி.

"பாலுக்கு மட்டும் கொணாந்து வுடறேன். என் கண்ணு எதுருல குடுத்துட்டு எட்டப் போயிரணும்."

மாதையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன் மனைவிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் அப்போது சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

அன்று அங்கேயே தங்கிவிட்டேன். அரிசிக் கஞ்சி வைத்து, வடித்த தண்ணீரில் உப்புப் போட்டு, நானே ஆறவைத்து, பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். கக்கினான், மறுபடி கொடுத்தேன். சாயங்காலம் வரை இதே வேலை. பால் கொடுக்கும் நேரத்துக்கு மங்கம்மாள் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பச்சையம்மாவின் மடியில் வைப்பாள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வாயை எடுத்ததும் பிடுங்கிக்கொள்வாள். பச்சையம்மா காலியான கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். பிள்ளையைத்தான் தொடக்கூடாது, அடுப்பைத் தொடலாம். வீட்டு வேலையெல்லாம் அவள்தானே செய்யவேண்டும்.

மறுநாள் காலையில் குப்பன் சிறுநீர் கழித்தான். துணி நனைந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, மேலத்தெருவில் இன்னொரு வீட்டில் காய்ச்சல் என்று சொன்னதால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மூன்று மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தால் பிள்ளைக்கு மறுபடி போகிறது.

"யாரு இன்னா குடுத்தது?" என்று மங்கம்மாளிடம் பாய்ந்தேன்.

"காச்சின தண்ணிதான் குடுத்தேன், ரெண்டு பாலாடை. தாகத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. நீங்க சொன்ன மாரி காச்சினதுதான். அவ வச்ச பானையிலேர்ந்துதான் எடுத்தேன்."

அவ வச்ச பானை. எனக்கு அது போதும். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்பக்கம் போனேன். அடுப்படி வாசலில் மறைந்து நின்று எட்டிப் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பச்சையம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்த கை, வெளுத்துப் போயிருந்தது. பானையில் தண்ணீர் கொதித்தது. பொங்கிக் கொதிக்கும் வரை விட்டு, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டு, துணியால் பிடித்து இறக்கினாள். ஏமாற்றுகிறவள் யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு நேரம் விறகை எரிக்கமாட்டாள். பிறகு மூலையில் வாழையிலை போட்டு மூடியிருந்த குடத்தைத் திறந்தாள். அதிலிருந்து சில்லென்ற தண்ணீரை அகப்பையால் மொண்டு மொண்டு, கொதித்த தண்ணீரில் ஊற்றினாள். பானையின் வயிற்றில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள். பிறகு மூடியைப் போட்டாள்.

"இன்னா பண்றே?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

"வெளாவறேன் நர்சம்மா."

"அது எந்தத் தண்ணி?"

"கன்னிமாரு ஊத்து. விடியறதுக்கு முன்னாடி போய், ஆடு மாடு வர்றதுக்குள்ள மொத தண்ணியா மொண்டாந்தது. கொயந்தைக்குன்னு தனியா வச்சிக்கீறேன். யாரும் கை வுடறதில்ல."

"காச்சின தண்ணியில பச்சைத் தண்ணிய ஊத்தலாமா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "சுடுமே நர்சம்மா. ஆற வச்சி குடுன்னு நீங்கதான சொன்னீங்க? பெரியவங்க குடிக்கறதுக்கும் அப்படித்தான், தலைக்கி ஊத்தறதுக்கும் அப்படித்தான், வெந்நின்னா வெளாவாம எப்பிடி?" கொஞ்சம் தயங்கினாள். "நீங்களும் அதத்தான குடிச்சீங்க. வாரா வாரம். இதமா கீதுன்னு சொன்னீங்களே."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொதிக்கும் தண்ணீரை நான் ஒவ்வொரு புதனும் பார்த்தேன். அடுத்த நிமிஷம் இதமான தண்ணீரைக் குடித்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? என் வீட்டில் குளிக்க வெந்நீர் போட்டால் நானும் விளாவித்தான் ஊற்றிக்கொள்கிறேன். ஆற வை என்று சொன்னவள், எப்படி ஆறவைக்க வேண்டும் என்று சொன்னேனா? இவள் பத்து மாதம் இருட்டோடு எழுந்து, மலை ஏறி, ஊரிலேயே நல்ல தண்ணீர் என்று நம்பியதைச் சுமந்து வந்து, பிள்ளைக்கான பானையில் கலந்திருக்கிறாள். நான் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நர்ஸ் குடித்துப் பார்த்துச் சரி என்ற தண்ணீரை எந்தத் தாய் சந்தேகப்படுவாள்?

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கொதியில் சாகிறது, ஒரு அகப்பை பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் புதிதாக வந்து சேர்ந்துவிடுகிறது என்றேன். விடியற்காலைத் தண்ணீரிலும் அது இருக்கும், மேலேயிருந்து மழையில் இறங்குவது இரவெல்லாம் ஊற்றிலேயேதான் கிடக்கும் என்றேன். அவள் அந்தப் பானையை எடுத்துக்கொண்டுபோய் முருங்கை அடியில் கொட்டினாள். மறுபடி அடுப்பில் வைத்தாள். கொதித்ததும் மூடியோடு இறக்கி, தண்ணீர் ஊற்றிய அகலச் சட்டியில் பானையை உட்காரவைக்கச் சொன்னேன். வெளியே குளிர்ச்சி, உள்ளே ஒரு சொட்டு போகாது. ஆறும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு குப்பனுக்கு அந்தத் தண்ணீரும் கஞ்சியும் பாலும் மட்டும்தான். அன்று இரவே போக்கு குறைந்தது. அடுத்த நாள் பாலாடையைக் கையால் தட்டிவிட்டான். அதற்கடுத்த நாள் கத்தி அழுதான், கண்ணில் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் மங்கம்மாள் இன்னும் பிள்ளையைத் தாயிடம் விடவில்லை. நான் வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "நீங்க இரக்கப்பட்டு சொல்றீங்க" என்று தள்ளிவிட்டாள். ஊர் பார்க்கச் சொன்ன சொல்லை ஊர் பார்க்கத்தான் திரும்ப எடுக்கவேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

பெண்கள் எல்லாம் புளி தட்டிக்கொண்டிருந்த களத்துக்குப் போனேன். மங்கம்மாளையும் மாதையனையும் வரச்சொன்னேன். பச்சையம்மா ஓரமாக நின்றாள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை, கத்தித்தான் பழக்கம். அன்றும் கத்தித்தான் சொன்னேன்.

"இந்தப் பச்சையம்மா பொய் சொல்லல. நான் சொன்னத ஒண்ணு விடாம செஞ்சா. நாந்தான் பாதி சொல்லிட்டு மீதிய வுட்டுட்டேன். வெளாவக் கூடாதுன்னு சொல்லல. எதுருலயே உக்காந்து அந்தத் தண்ணிய குடிச்சிட்டு நல்லா கீதுன்னேன். தப்பு என்னுது. கொயந்தைய அவகிட்ட குடுங்க."

புளி தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. "எங்க வூட்லயும் வெளாவித்தான் குடிக்கறோம்" என்றாள் ஒருத்தி மெதுவாக. "எல்லா வூட்லயும்தான்" என்றாள் இன்னொருத்தி. மாதையன் அம்மாவின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கி, பச்சையம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "தப்பா நெனச்சிட்டேன் புள்ள" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்து, அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் பக்கத்தில் வந்தாள்.

"நர்சம்மா. மொத ரெண்டும்? அதுங்களும் தண்ணியாலதானா?"

வாய் கூசாமல் பொய்க்காரி என்று கத்தினவளுக்கு இப்போது ஒரு பொய் தேவைப்பட்டது. அது வேறு நோய், சாமி எடுத்துக்கொண்டது, ஏதாவது ஒன்று. சொல்ல நாக்கு வரவில்லை. அவளிடம் நான் ஏற்கெனவே பாதி உண்மை சொல்லித்தான் இந்தக் கதி.

"தண்ணியாலதான் இருக்கும் பச்சையம்மா. உன்னால இல்ல. உனக்கு யாரும் வந்து சொல்லல. சொல்ல வேண்டியவங்க நாங்க, வரவே இல்ல."

அவள் களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. எதையோ யோசித்தபடி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சட்டென்று கை நின்றது. எழுந்தாள். மூன்று நாளாகத் தொடவிடாமல் வைத்து, இப்போதுதான் கைக்கு வந்த பிள்ளையை மாமியாரிடம் நீட்டினாள்.

"இத்த பாத்துக்க அத்தை. ஆற வச்ச தண்ணி பானையில கீது. வெளாவாத."

"எங்கடி போறே?" என்றாள் மங்கம்மாள்.

"நெல்லிவாசலுக்கு. எந்தங்கச்சிக்கு ஆறு மாசத்துல பொண்ணு கீது." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "போன மாசம் போய் நாந்தான் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன் நர்சம்மா. எப்பிடி காச்சறது, எப்பிடி வெளாவறதுன்னு."

அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நெல்லிவாசல் அங்கிருந்து ஏழு மைல், உச்சி வெயில். களத்தைத் தாண்டியதும் ஓடினாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன், என்னால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.